என் மடிக்கணினியில் ஒரு மொழி மாதிரி: ஒரு வருடத்துக்கும் மேலான பழக்கம்

பணம் கட்டிப் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்லப்போவது இணையமே இல்லாமல் மடிக்கணினியில் ஓடும் சிறிய மொழி மாதிரிகளை, அதாவது கேட்டதற்கு எழுத்தில் பதில் தரும் நிரல்களைப் பற்றி. கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். நிரலை வெளியே எங்கும் அனுப்பக்கூடாது என்பது ஒப்பந்தம். கட்டாயத்தால் தொடங்கியது, இப்போது ஆர்வத்தால் தொடர்கிறது.

என் கணினியில் 16 ஜிபி நினைவகம். கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது. 800 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றதைச் சேமித்து வைக்கும் எண்கள்) கொண்ட மாதிரியை, எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் வைத்தால் அதுவே 16 ஜிபியையும் விழுங்கிவிடும். ஒவ்வோர் எண்ணையும் ஏறத்தாழ நான்கு பிட்டுக்குச் சுருக்கினால் ஏறத்தாழ ஐந்து ஜிபியில் அடங்கும். 2023 மார்ச்சில் ஜியோர்ஜி கெர்கானோவ் வெளியிட்ட லாமா.சிபிபி என்ற மென்பொருள் இதைச் சாதாரணக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது. நிறுவுவது அரைமணி நேர வேலை.

வேகம் வேறு கதை. மாதிரி பதிலைச் சொல் அல்லது சொல்லின் துண்டாக, ஒவ்வொரு டோக்கனாக எழுதும். ஒவ்வொரு டோக்கனுக்கும் அந்த ஐந்து ஜிபியை முழுவதுமாக வாசித்தாக வேண்டும். ஆகவே முட்டுக்கட்டை பெரும்பாலும் செயலியில் இல்லை, நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் வேகத்தில் இருக்கிறது. இரண்டு தடங்களில் (தரவு செல்லும் பாதைகளில்) இயங்கும் டிடிஆர்4-3200 நினைவகம் ஏட்டளவில் நொடிக்கு 51 ஜிபி தரும். எனவே நொடிக்குப் பத்து டோக்கன் என்பதே உச்சம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குக் கணினி வாங்கப் போகிறவர்கள் செயலி எந்தத் தலைமுறை என்பதோடு நிற்காமல், நினைவகம் ஒரு தடமா இரண்டு தடமா என்றும் கேளுங்கள். மின்வெட்டின்போது பற்றரி கண்முன்னே கரையும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

புதிய மாதிரி எது வந்தாலும் அதற்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்றுதான்: நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கும் நிரல். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் பன்னிரண்டு எண்கள். ஆண்டை அடுத்துள்ள மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். சிறிய மாதிரிகள் இவ்வளவையும் சமாளித்துவிடுகின்றன. ஆனால் அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள். லீப் அல்லாத ஆண்டிலும் மார்ச் 1 என்பது 61ஆவது நாள் (நாட்காட்டிப்படி 60). இங்கேதான் பெரும்பாலானவை சறுக்குகின்றன. அதைவிட மோசம், தாமே சோதனைகளை எழுதி, அவற்றிலும் 60 என்றே வைத்து, எல்லாம் சரி என்று அறிக்கை தருவது! நிரலை எழுதிய மாதிரியிடமே சோதனையையும் எழுதச் சொல்வதில்லை என்பது அதன் பிறகு என் வழக்கம்.

பழைய தரவுத்தள வினவல்களை விளக்குவதற்கும் நீண்ட பிழைப் பதிவுகளைச் சுருக்குவதற்கும் இந்த மாதிரிகள் தினமும் உதவுகின்றன. அதில் குறை சொல்ல மாட்டேன்.

தமிழில் கேட்டால் பொறுமை வேண்டும். 'கொழும்பு' என்பதைக் கணினியில் சேமிக்க 24 பைட் தேவை; ஆங்கிலத்தில் ஏழே போதும். மெட்டா நிறுவனத்தின் லாமா 2 மாதிரியின் சொற்தொகுதியில் 32,000 துண்டுகள் மட்டுமே; தமிழ்ச் சொற்கள் அதில் பல டோக்கன்களாக நொறுங்கிப்போகும். லாமா 3இல் அது 1,28,000 ஆனது. 2025இல் வந்த கூகுளின் ஜெம்மா 3இல் இரண்டரை இலட்சத்தைத் தாண்டியது. நொடிக்குப் பத்து டோக்கன் ஓடும் கணினியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மும்மொழி மென்பொருள்களுக்கான பிழைச் செய்திகளின் முதல் வரைவை இப்போது ஜெம்மாவிடமே கேட்கிறேன்; சிங்களத்தை மட்டும் சக ஊழியர் ஒருவர் பார்த்துத் தருகிறார்.