பந்தய கிரேஹவுண்ட் நாயின் தசைக் காயத்துக்குக் கையடக்க அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக் கருவி: வாங்கலாமா?

1, 3 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலை அதிர்வெண்களிலும் ஓடும் கருவி என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் தோலில் வைத்துத் தேய்க்கும் 5 சதுர செ.மீ. தலையோடு 1 சதுர செ.மீ. சின்னத் தலையும் சேர்ந்து வர வேண்டும். அது இல்லாத செட்டைத் தொடாதீர்கள்.

காரணம் கிரேஹவுண்டின் உடல்வாகு. தோல் மெல்லிசு, அடியில் கொழுப்பு அநேகமாக இல்லை. அடிக்கடி கிழியும் தசைகளான உட்தொடை கிராசிலிஸும் முன்னங்கால் ட்ரைசெப்ஸும் மேலாகவே இருக்கின்றன. 1 மெகாஹெர்ட்ஸ் அலை 5 செ.மீ. வரை இறங்கக்கூடியது, இங்கே தசையைத் தாண்டி எலும்பில் முட்டி, நாய் வலியில் காலை இழுத்துக்கொள்ளும். 3 மெகாஹெர்ட்ஸ் மேலாப்பிலேயே வேலையை முடித்துவிடும். பெரிய தலை கிராசிலிஸின் பின்விளிம்பில் சமமாக உட்காராது. ஓரம் தூக்கினால் காற்று புகும், அலை நின்றுபோகும். அப்படித் தொடர்பு விட்டதும் டைமரும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காத கருவியில் 8 நிமிடம் என்று காட்டினாலும் தசைக்குப் போனது பாதிதான்.

குட்டை முடிதானே என்று சிரைக்காமல் வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. முடிக்குள் இருக்கும் காற்று அலையைத் தடுக்கும். தோல் மட்டும் சுடும். சிரைத்து, ஜெல்லைத் தாராளமாகத் தடவி, நொடிக்கு 4 செ.மீ. அளவில் தலையை நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் திசு வெந்துவிடும்.

காயம் பட்ட முதல் 2 நாள் கருவி வேண்டாம். ஈரத்துணி சுற்றிய ஐஸ், தடவைக்கு 15 நிமிடம், நாளுக்கு 4 தடவை போதும். இரத்தக் கசிவு நின்ற பிறகு 20 சதவீதப் பல்ஸ் முறையில் (அலை விட்டுவிட்டு வரும், நேரத்தில் 20 சதவீதம் மட்டும்), சதுர செ.மீ.க்கு 0.5 வாட், 5 நிமிடம். வீக்கமும் சூடும் அடங்கியபின் அலை விடாமல் வரும் தொடர் முறையில் சதுர செ.மீ.க்கு 1 வாட், 8 முதல் 10 நிமிடம். தலையின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு இடத்துக்கு மேல் போகாதீர்கள். இந்த அளவில் 1 செ.மீ. ஆழத்தில் ஏறத்தாழ 3 டிகிரி சூடு ஏறும். அது 10 நிமிடத்துக்குள் இறங்கிவிடும் என்பதால், தசையை நீட்டும் பயிற்சியை ஜெல்லைத் துடைத்த கையோடு செய்ய வேண்டும்.

திரையில் வருவது மொத்த வாட்டா, சதுர செ.மீ. கணக்கா என்பதைக் கட்டாயம் பாருங்கள். பெரிய தலையில் மொத்தம் 5 வாட் என்றால் சதுர செ.மீ.க்கு 1 வாட். அதே 5 வாட்டைச் சின்னத் தலைக்குக் கொடுத்தால் தோல் பொசுங்கும்.

வளரும் குட்டியின் எலும்பு முனை, விதைப்பை, கண், கட்டி, சினையாக இருக்கும் வயிறு: இந்த இடங்களில் வைக்கவே கூடாது.

தசை முழுசாக அறுந்திருந்தால் இந்தக் கருவியால் பயனில்லை. விரலால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டாலோ, உட்தொடையில் கருநீலம் பரவினாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். தையல் தாமதமானால் அறுந்த முனைகள் சுருங்கி, ஒட்டுவது கடினமாகும். நொண்டல் போனதை வைத்து ஓடவிடவும் வேண்டாம். நடைக்குத் தாங்கும் வடுத் திசு, பந்தயப் பாதையின் வளைவில் முழு வேகத்துக்குத் தாங்காது. பழைய காயத்தின் ஓரத்திலேயே மறுபடி கிழியும்.