நிலமா, தபால் ஆபீஸா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரியவருக்கு ஒன்பது மா, ஏறக்குறைய மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் விழுந்தால் கவனிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடும். அந்தப் பணத்துக்கு நிலத்தை நம்புவதா, அதை விற்றுத் தபால் ஆபீஸில் போடுவதா?

நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் நெல் வரும், ஆனால் அறுப்பை ஒட்டித்தான் வரும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்காத வருஷம் குறுவை போச்சு. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சம்பாவும் அரைகுறைதான். மருந்துக்கடைக்காரர் தை வரை காத்திருப்பாரா? தவிர, சாகுபடிக் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்குபவர் தயங்குவார்.

ஒரு பகுதியை விற்று, தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 60 வயது ஆனவர்களுக்கு. 2023 ஏப்ரல் முதல் உச்சவரம்பு 30 லட்சம். 8.2 சதவீத வட்டி என்றால் 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய். மழை, வெயில் பார்க்காது. குறை என்னவென்றால், ஆள் கூலி வருஷா வருஷம் ஏறும். போட்ட கணக்கின் வட்டி 5 வருஷத்துக்கு அப்படியே நிற்கும். நிலத்தின் விலையோ ஏறலாம்.

என் ஓட்டு மூன்று மாவை விற்பதற்கு, மீதியை வைத்திருப்பதற்கு. நிலத்தை மகன் பெயருக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் சரி, ‘கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அவர் கவனிக்காவிட்டால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அதுதான் பிடி.