லெச்சோன் ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்: கல்யாண நாள் விருந்தில் நாங்கள் ஏமாந்த விதம்

மணிலாவில் இருக்கும் தமிழர்களுக்காகவும், என்னைப் போல இங்கே வாழ்க்கைப்பட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் மாமனார் மாமியாரின் 50ஆவது கல்யாண நாளுக்கு ஃபேஸ்புக் பக்கம் ஒன்றில் லெச்சோன் ஆர்டர் செய்து 19,500 பெசோ இழந்தோம். நம் கணக்கில் கிட்டத்தட்ட 30,000 ரூபாய். மூன்று வாரம் நான் வாய் திறக்கவில்லை. வெளியே சொன்னால் மானம் போகும் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். இதை இங்கே 'ஹியா' என்பார்கள். போன வாரம் என் திருநெல்வேலித் தோழி ஒருத்தி குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்குப் பணம் கட்டி அதே மாதிரி ஏமாந்தது தெரிந்தது. நான் முன்பே சொல்லியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். அந்த உறுத்தல் தாங்கவில்லை.

லெச்சோன் என்றால் முழுப் பன்றியை மூங்கில் கழியில் கோத்து, கரி நெருப்பில் மணிக்கணக்காகச் சுற்றிச் சுடுவது. பிலிப்பினோ வீட்டு விசேஷத்தில் அது வந்து மேசையில் உட்கார்ந்தால்தான் விருந்து தொடங்கும். எங்கள் வீட்டில் இதில் ஒரு பழைய வழக்கு உண்டு. மாமியார் செபு தீவில் கார்கார் ஊர்க்காரர். அங்கே வயிற்றுக்குள் எலுமிச்சைப்புல்லும் பூண்டும் வெங்காயத்தாளும் அடைத்துத் தைத்துச் சுடுவார்கள். கறியிலேயே உப்பும் மணமும் ஏறிவிடும், தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம். மாமனார் பத்தாங்காஸ்காரர், ஈரல் போட்டுக் காய்ச்சிய 'சார்சா' இல்லாமல் தொடமாட்டார். ஐம்பது வருடமாக ஓயாத இந்த வாதத்தில், இந்த முறை மாமியார் ஜெயிக்கட்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். மாமியாரை 'நானாய்', மாமனாரைத் 'தாத்தாய்' என்றுதான் நானும் கூப்பிடுவேன், அம்மா, அப்பா என்று அர்த்தம்.

கேசோன் சிட்டியில் லெச்சோனுக்குப் பேர்போன இடம் லா லோமா. எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம். நேரில் போயிருக்கலாம். ஆனால் 'அசல் செபு முறை, கேசோன் சிட்டியிலேயே சுட்டுத் தருகிறோம்' என்று ஒரு பக்கம் என் கண்ணில் பட்டது. படங்கள் அவ்வளவு அழகு. ஆயிரக்கணக்கில் லைக். நான்தான் கணவரிடம் காட்டினேன்.

பேசிய பெண் வாக்கியத்துக்கு வாக்கியம் 'போ' சேர்த்தாள். தகாலோகில் அது நம் 'ங்க' மாதிரி, மரியாதைச் சொல். நானாய் எந்த ஊர், எத்தனை பேரப்பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தாள். லெச்சோன் 13,500, கூடவே கரே-கரே குழம்பு, பன்சித் சேமியா, லும்பியா ரோல் தட்டுகள் 5,200 என்று கணக்கு. பாதிப் பணம் முன்பணம். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, நிஜக் கடைகளும் முன்பணம் வாங்கித்தான் பன்றி பிடிப்பார்கள்.

இ-வாலட்டில் அனுப்பும்போது பெறுபவர் பெயர் பாதி மறைத்துத்தான் தெரியும். முதல் எழுத்துகளைப் பார்த்தேன். கடைப் பெயரும் இல்லை, அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. கேட்டேன். "எங்கள் கேஷியருடைய எண் போ" என்றாள். அனுப்பிவிட்டேன். நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான். இப்படி யாருடைய பெயரிலோ இருக்கும் கணக்கை வாடகைக்கோ விலைக்கோ வாங்கித்தான் இந்தக் கூட்டம் பிழைக்கிறது. 2024இல் வந்த குடியரசுச் சட்டம் 12010 இதைக் குற்றம் என்கிறது, கணக்கைக் கொடுத்தவரும் மாட்டுவார்.

விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பு, "பன்றி விலை ஏறுகிறது, இன்றே முழுப்பணம் கட்டினால் பழைய விலை" என்று செய்தி. கட்டினோம். முந்தின இரவு பெட்டிக்கும் வண்டிக்கும் என்று 800. அதையும் கட்டினோம். ஐம்பதாவது கல்யாண நாளில் 800 பெசோவுக்கு யார் மல்லுக்கு நிற்பார்கள்? அவர்கள் கணக்குப் போட்டதே இந்த மனசை வைத்துத்தான்.

ஞாயிறு காலை கோவிலில் பாதிரியார் முன் இருவரும் மறுபடி வாக்குறுதி சொன்னார்கள். தாத்தாய்க்குக் குரல் உடைந்தது. வீட்டுக்கு வந்து நீள மேசை முழுக்க வாழை இலை விரித்தோம். இலையை அனலில் வாட்டித் துடைத்தது நான். இந்த ஊரில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராத ஒரே வேலை அது. நடுவில் சோற்றைக் குவித்து எல்லோரும் கையால் சாப்பிடும் 'காமாயன்' விருந்து. முப்பத்தைந்து பேர்.

எட்டரைக்கு ஒரு படம் வந்தது. பெட்டிக்குள் லெச்சோன், மேலே எங்கள் குடும்பப் பெயர் எழுதிய சீட்டு. "ரைடர் கிளம்பிவிட்டார் போ." எல்லோரும் கைதட்டினார்கள். நானாய் மட்டும் போனை வாங்கி உற்றுப் பார்த்து, "நம்ம பன்றிக்கு எதுக்கு சார்சா?" என்று கேட்டார். ஓரத்தில் இரண்டு கிண்ணம் ஈரல் சாறு இருந்தது. தாத்தாய்க்காகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று சமாதானம் சொன்னோம். யாரோ ஒருவருடைய லெச்சோன் படத்தில் எங்கள் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். நானாய் கண்ணுக்குத் தெரிந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

பத்து மணிக்கு "டிராஃபிக் போ". பத்தரைக்குப் பதில் இல்லை. பதினொன்றுக்கு என்னை பிளாக் செய்திருந்தார்கள். தாத்தாய் விழாச் சட்டையான பாரோங் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார். ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தார். "அனாக், வந்துருச்சா?" என்று என்னைக் கேட்டார். அனாக் என்றால் பிள்ளை. பணம் போனதை மறந்துவிடலாம், அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு நடந்ததற்குக் கும்பிட வேண்டும். என் கணவரின் அண்ணன் லா லோமாவுக்கு ஓடி, கடைகளில் கிலோ கணக்கில் வெட்டி விற்கும் லெச்சோனைக் கிடைத்த மட்டும் வாங்கி வந்தார். நாத்தனார் அடுப்பில் பன்சித் ஏற்றினார். ஆயுள் நீளட்டும் என்பதற்காகச் சேமியாவை உடைக்காமல் சமைப்பார்கள், அந்த அவசரத்திலும் அவர் ஒரு இழையை உடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா தன் வீட்டுக்கு வைத்திருந்த லெச்சே பிளான் என்ற முட்டைப்பால் இனிப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றரை மணிக்கு எல்லோரும் சாப்பிட்டோம். நானாய் சார்சா தொட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் விசாரித்ததில் தெரிந்தவை. அந்தப் பக்கத்தில் இருந்த படங்களில் பாதி, லா லோமாவில் உள்ள ஒரு நிஜக் கடையுடையவை. அந்த முதலாளியம்மாவுக்கு இது முதல் புகார் இல்லை. ஃபேஸ்புக்கில் பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியைத் திறந்தால் பழைய பெயர்கள் தெரியும். நாங்கள் திறந்து பார்த்தது பணம் போனபிறகு. முன்பு செகண்ட் ஹேண்ட் போன் விற்ற பக்கம் அது. முதலாளியம்மா இன்னொன்றும் சொன்னார்: உண்மையான கடைக்காரர் நீங்கள் கேட்காமலே உயிர் எடையா, சுட்ட எடையா என்று பிரித்துச் சொல்வார். சுட்டபின் எடை நன்றாகவே குறையும். எங்களிடம் பேசியவள் '25 கிலோ' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் செய்த பெரிய தவறு, ஏமாந்தது தெரிந்த அன்றே புகார் கொடுக்காதது. விருந்து நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். முன்பு சொன்ன 12010 சட்டப்படி, சர்ச்சைக்குரிய பணத்தை 30 நாள் வரை நிறுத்திவைக்க வங்கிக்கும் இ-வாலட் நிறுவனத்துக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் பணம் அந்தக் கணக்குகளில் இருந்தால்தானே நிறுத்துவதற்கு? செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது அது கைமாறிப் போயிருந்தது. உங்களுக்கு இப்படி ஆனால், உட்கார்ந்த இடத்திலிருந்தே உடனே இ-வாலட் உதவி மையத்தில் புகார் பதியுங்கள், அடுத்த அழைப்பு 1326க்கு. அது சைபர் குற்றப் புகாருக்கான அரசு எண். பக்கத்தின் முகவரி, உரையாடல், பணம் போன ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் பிளாக் ஆவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். அவற்றின் நகலோடு கேம்ப் கிராமேயில் இருக்கும் போலீஸ் சைபர் பிரிவில் எழுத்துப்பூர்வப் புகார் கொடுத்தோம். தோழியின் புகாரும் இப்போது அங்கே இருக்கிறது.

நேற்று இரவு அவள் போனிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். மறுபடி பெயர் மாறியிருக்கிறது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு முன்பதிவு எடுக்கிறார்கள், பாதிப் பணம் முன்பணம். முதல் படமாக வைத்திருப்பது இரண்டு கிண்ணம் சார்சாவோடு இருக்கும் அதே பெட்டி.