எறும்பு மருந்துகள்: நீண்ட நாள் பயன்பாட்டில் எது நின்றது, எது நிற்கவில்லை

வீட்டில் எறும்புத் தொல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எறும்புச் சாரை மேலே ஸ்பிரே அடிச்சுட்டீங்களா?" என்றுதான். இன்னும் அடிக்கவில்லை என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்பிரே, சாக்பீஸ், பவுடர், ஜெல், போரிக் அமிலக் கரைசல், வாசனை எண்ணெய், மின்சாரத்தில் செருகும் கருவி என்று எல்லாவற்றையும் ஒரே வீட்டில், பெரும்பாலும் ஒரே சமையலறையில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. முதல் வாரத்தில் எல்லா மருந்தும் வேலை செய்வதுபோலத்தான் தெரியும். வித்தியாசம் மாதக்கணக்கில்தான் பிடிபடும். அந்த வித்தியாசத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்பிரேயிலிருந்து தொடங்கலாம்; பெரும்பாலோர் கை முதலில் போவது அதற்குத்தான். அடித்த நிமிடம் சாரை காலி. இரண்டொரு நாளில் சுவரின் வேறொரு மூலையில் புதுச் சாரை. மருந்தில் குறை இருந்து இப்படி ஆவதில்லை. நம் கண்ணில் படுபவை புற்றில் உள்ளவற்றில் ஒரு சிறு பகுதி, இரை தேட வெளியே வந்தவை மட்டும். ராணி, முட்டைகள், புழுக்கள், அவற்றைப் பராமரிக்கும் எறும்புகள் எல்லாம் சுவருக்குள்ளோ மண்ணுக்குள்ளோ பத்திரமாக இருக்கின்றன. செத்தவற்றுக்கு ஈடாகப் புதியவை வந்துகொண்டே இருக்கும். ராணிக்கு ஆயுசும் கெட்டி. ஐரோப்பாவில் பரவலாக உள்ள கறுப்புத் தோட்ட எறும்பின் ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது பதிவாகியிருக்கிறது. வெளியே வந்தவற்றை மட்டும் கொன்றுகொண்டிருந்தால் எத்தனை டப்பா காலியானாலும் கணக்கு தீராது.

சில இனங்களில் ஸ்பிரே நிலைமையை இன்னும் மோசமாக்கும். வெளிர்மஞ்சள் நிறத்தில் 2 மில்லிமீட்டர் அளவே இருக்கும் ஃபாரோ எறும்பு அதற்கு நல்ல உதாரணம். அதன் புற்றில் பல ராணிகள் இருக்கும். தொந்தரவு வந்தது தெரிந்தால் புற்றில் ஒரு பகுதி, முட்டை புழுக்களைத் தூக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். ஒரு புற்று இருந்த இடத்தில் மூன்று நான்கு ஆகிவிடும். மருத்துவமனைகளில் இந்த எறும்பை ஒழிக்க ஸ்பிரே அடிப்பதைத் தவிர்த்து, இரையில் மருந்து கலந்து வைப்பதற்குக் காரணம் இதுதான்.

எனக்கு நிலையான பலன் கொடுத்ததும் அந்த இரை மருந்துதான். சர்க்கரைத் தண்ணீரில் போரிக் அமிலம். அளவு முக்கியம் என்பதால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம். நன்றாகக் கரைய வேண்டும், அடியில் தூள் தங்கக் கூடாது. இவ்வளவு கொஞ்சமாகப் போட்டால் எப்படிச் சாகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கொஞ்சமாக இருப்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. மருந்து கூடினால் ஒன்று, எறும்பு வாய் வைக்காமலே விலகிப்போகும். அல்லது குடித்தது புற்றுக்குப் போய்ச் சேருவதற்குள் செத்துவிடும். இரண்டிலும் ராணிக்கு ஒன்றும் ஆகாது. மெதுவாக வேலை செய்யும் மருந்தாக இருந்தால்தான் அது ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய், கடைசியில் ராணி வரை எட்டும்.

எறும்புகளிடம் உணவு பரிமாறப்படுவதே அப்படித்தான். வேலைக்கார எறும்புக்கு இரண்டு வயிறு என்று வைத்துக்கொள்ளலாம்: ஒன்று தனக்கு, இன்னொன்று பொதுவுக்கு. பொது வயிற்றில் நிரப்பிக்கொண்டு போனதைப் புற்றில் இருப்பவற்றுக்கு வாயோடு வாய் வைத்துக் கொடுக்கும். வளர்ந்த எறும்பால் கெட்டியான எதையும் விழுங்க முடியாது. திரவம் மட்டும்தான் உள்ளே போகும். கெட்டியானதைப் புழுக்களுக்குத்தான் எடுத்துப் போகும். தானிய நொய்யைத் தின்றால் வயிறு ஊதி வெடித்துச் செத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்களே, அதில் உண்மை இல்லை என்பது இதிலிருந்தே புரியும்.

கரைசலை ஒரு சொட்டு வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முதலில் ஒன்று வந்து மீசையால் தொட்டுப் பார்க்கும். குடிக்க ஆரம்பித்தால் அசையாது. மெல்ல மெல்ல வயிறு உப்பும். உப்ப உப்ப, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்த கறுப்புப் பட்டைகள் விலகி, நடுவே வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி வெளிறிய வரிகள் தெரியும். நிறைந்ததும் திரும்பி, வயிற்றை அடிக்கடி தரையில் தொட்டுத் தொட்டுப் போகும். அதுதான் பாதைக்கு வாசனை போடுவது. கொஞ்ச நேரத்தில் சொட்டைச் சுற்றித் தலையை உள்பக்கம் வைத்துக்கொண்டு ஒரு முழு வட்டம் நிற்கும்.

இந்த முதல் ராத்திரிதான் கஷ்டமான நேரம். எறும்பு குறையாது, பல மடங்கு பெருகும். மருந்து வைத்தும் எறும்பு கூடிவிட்டது என்று துடைத்துப் போடுகிறவர்கள் நிறைய. துடைக்காதீர்கள். பக்கத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள், வாசனையான கிளீனர் போட்டுத் துடைக்காதீர்கள். கூட்டம் கூடுவதுதான் நமக்கு வேண்டியது. சில நாட்களில் சாரை மெலியும். சிறு புற்றென்றால் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். பல ராணிகள் உள்ள இனம் என்றால் மாதத்தைத் தாண்டியும் இழுக்கும். அதுவரை கரைசல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சில் நனைத்து வைத்தால் மேலே சர்க்கரை படிந்து இறுகிவிடுகிறது. சின்ன மூடி போட்ட டப்பாவில் பக்கவாட்டில் துளையிட்டு, உள்ளே நனைத்த பஞ்சை வைத்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள்; புளித்தாலோ பூஞ்சை பிடித்தாலோ எறும்பு சீண்டாது.

சில காலங்களில் நல்ல புதுக் கரைசலையும் கண்டுகொள்ளாமல் கடந்து போகும். புற்றில் புழுக்கள் அதிகமாக வளரும்போது அவற்றுக்குப் புரதம் தேவை. அப்போது சர்க்கரைக்கு மவுசு இல்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மருந்து எதுவும் கலக்காமல், சாரைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய், புரதம் உள்ள ஏதாவது ஒரு துணுக்கு என மூன்றையும் வைத்துப் பாருங்கள். எதில் மொய்க்கிறதோ அந்த வகை இரையில் வரும் மருந்தைத் தேர்ந்தெடுங்கள். நான் கேட்ட "இரை மருந்து வேலை செய்யவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையோடு தீர்ந்திருக்கின்றன.

கடையில் ஜெல்லாகவோ மூடிய டப்பாவாகவோ வரும் மருந்துகளில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், இண்டாக்சாகார்ப் போன்றவை இருக்கும். தத்துவம் ஒன்றுதான். கலக்கிற வேலை இல்லை, அளவு பிசகாது. ஜெல் காய்ந்துவிட்டால் பயனில்லை என்பது மட்டும் குறை. குழந்தைகளோ செல்லப் பிராணிகளோ உள்ள வீட்டில் நான் மூடிய டப்பாவைத்தான் சிபாரிசு செய்வேன். போரிக் அமிலம் வீட்டு மருந்து போலத் தோன்றினாலும், விழுங்கினால் விஷம்தான். கலக்கிய பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. பாட்டிலில் மருந்தின் பெயரை எழுதி ஒட்டாமல் வைக்கவே கூடாது. பார்க்க வெறும் தண்ணீர்போலவே இருக்கும்.

எறும்புச் சாக்பீஸ் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. கோடு போட்டால் எறும்பு தாண்டாது என்பது உண்மைதான், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. எழுதும் சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் குழந்தைகள் கையிலெடுத்து வாயில் வைக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வராத எறும்பு அந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறது. அந்தப் பலனுக்காக இந்த அபாயம் தேவையே இல்லை.

டையடோமைட் பவுடர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நுண்பாசிகளின் ஓடு படிந்து உண்டான மண் அது. பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகுப் பூச்சை அரித்து உறிஞ்சி, உடலை உலர வைத்துக் கொல்கிறது. சுவர் இடுக்கு, அலமாரியின் பின்பக்கம் போன்ற உலர்ந்த இடங்களில் கிளறாமல் விட்டால் மாதக்கணக்கில் பலன் தரும். ஈரம் பட்டால் அதோடு சரி, எனவே பாத்திரம் கழுவும் தொட்டி பக்கம் போட்டுப் பயனில்லை. மெல்லிய படலமாகத்தான் தூவ வேண்டும். குவித்தால் எறும்பு சுற்றிப் போய்விடும். தூவும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

நம் காதுக்குக் கேட்காத ஒலியால் பூச்சியை விரட்டும் என்று விற்கப்படும், மின்சாரத்தில் செருகும் அல்ட்ராசோனிக் கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ஓடிக்கொண்டிருந்த பிளக்குக்குக் கீழேயே சாரை போனது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-ஆம் ஆண்டு, இப்படிப்பட்ட கருவிகளைத் தயாரிக்கும், விற்கும் 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பணத்தை வீணாக்க வேண்டாம்.

வினிகர், புதினா எண்ணெய், கிராம்பு, பட்டைத்தூள்? வாசனை இருக்கும்வரை அந்தப் பாதையைக் குழப்பும். அவ்வளவுதான், புற்றை ஒன்றும் செய்யாது. வினிகருக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு: இரை மருந்து வேலையை முடித்து, எறும்பு நின்ற பிறகு, பழைய பாதையைத் துடைக்கலாம். சாதாரண சோப்புத் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். துடைக்காமல் விட்டால், மிச்சமிருக்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டு வேறு எறும்புகள் வர வாய்ப்பிருக்கிறது.

சுத்தமாக வைத்திருக்கும் வீட்டில் எறும்பு வராது என்று சொல்லிச் சொல்லியே பலரை, குறிப்பாகப் பெண்களை, குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். இது நியாயமில்லை. மழையில் புற்றுக்குள் தண்ணீர் புகுந்தால் உலர்ந்த இடம் தேடி வரும். வெயில் காலத்தில் குடிக்கத் தண்ணீர் தேடி வரும். எவ்வளவு துடைத்து வைத்த வீட்டுக்கும் இந்த இரண்டும் பொருந்தும். சிந்தியதை உடனே துடைப்பதும், டப்பாக்களை இறுக மூடுவதும், குப்பையை ராத்திரி வெளியேற்றுவதும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் வந்தது, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மயிரிழை விரிசலையும், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தையும், சுவிட்ச் பெட்டியின் ஓரத்தையும் சீலண்ட் வைத்து அடைத்த பிறகுதான். ஒரு விஷயம்: எறும்பு அடங்கிய பிறகு அடையுங்கள். சாரை ஓடும்போதே அடைத்தால், உள்ளே இருப்பது வேறு வழி தேடி வீட்டுக்குள்ளேயே புதிய இடத்தில் முளைக்கும்.

ஜன்னலோரத் தொட்டிச் செடிகளையும் பாருங்கள். இலையின் அடியில் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருந்தால் அவை கழிக்கும் இனிப்பான திரவத்துக்காக எறும்பு தினமும் வரும். அந்தப் பூச்சிகளைக் கழுவி நீக்காமல் எறும்புக்கு மட்டும் மருந்து வைத்தால் வேலை பாதியில் நிற்கும்.

கரப்பானுக்கும் நான் ஜெல்தான் வைக்கிறேன். அலமாரிக் கீல், ஃபிரிட்ஜின் பின்பக்கம், சிங்க்கின் அடி என ஒளியும் இடங்களில் சின்னச் சின்னப் புள்ளியாக. சமையலறையில் கூட்டமாகத் திரியும் சிறிய ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைக் கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். ஒருமுறை வைத்துவிட்டு நிறுத்திவிடாமல், அவை பொரிந்து வரும் நேரத்துக்கு மறுபடியும் வைக்க வேண்டும். ஒரே ஜெல்லை ஆண்டுக்கணக்கில் வைக்கவும் வேண்டாம். குளுக்கோஸை வெறுத்து ஒதுக்கும் கரப்பான் கூட்டங்கள் உருவானதை 1993-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குளுக்கோஸ் கலந்த இரையால் தொடர்ந்து கொன்றதில், குளுக்கோஸைத் தொடாதவை மட்டும் பிழைத்துப் பெருகிய கதை அது. பிராண்ட் மாற்றினால் போதாது, உள்ளே இருக்கும் மருந்தும் இரையும் மாற வேண்டும். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

ஒரே ஒரு நிலையில், அதாவது கறையான் என்றால், இவை எதையும் முயலாமல் நேராகப் பூச்சி ஒழிப்பு ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் இறக்கை முளைத்த பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பினால், ஒன்றைப் பிடித்துக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். மீசை முழங்கை மாதிரி வளைந்து, இடுப்பு ஒடுங்கி, முன் இறக்கை பின் இறக்கையைவிடப் பெரிதாக இருந்தால் எறும்பு. மீசை நேராக, இடுப்பே இல்லாமல், நான்கு இறக்கையும் ஒரே அளவில் இருந்தால் ஈசல், அதாவது கறையான். தரையில் உதிர்ந்த இறக்கைகள் மட்டும் கிடந்தாலும் கறையானைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மரத்தில் கூடு கட்டும் பெரிய எறும்புகள் மரத்தைக் குடைந்து தூளை வெளியே தள்ளுமே தவிர அதைத் தின்னாது. கறையான் தின்றே தீர்க்கும். கதவு நிலையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றாக இருப்பதுபோலச் சத்தம் வந்தால் அந்த வாரமே ஆளை வரவழைத்துக் காட்டுங்கள். வருபவர் எந்த மருந்தை, எங்கே, எவ்வளவு போடப் போகிறார் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.