பிக்அப் லோன் கொடுத்த ஃபைனான்ஸ்: தூக்கிய வண்டியை எப்படித் திருப்பித் தந்தார்கள் (5-க்கு 2)

லோன் கொடுத்தபோது நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் இருக்கும் எங்கள் கேத்தி பாலாடாவிலிருந்து கோவைக்கு ஒருமுறைகூட அலையவிடவில்லை. வீட்டுக்கே ஆள் வந்து கையெழுத்து வாங்கினார், பன்னிரண்டாம் நாள் பொலேரோ பிக்அப் வாசலில் நின்றது. கிளையில் உட்கார்ந்திருக்கும் அம்மா எப்போது போன் செய்தாலும் கணக்கைப் பொறுமையாகச் சொல்வார். இரண்டு நட்சத்திரமும் இதற்குத்தான்.

மூன்று வருஷம் மாதம் 14,850 ரூபாய் ட்யூ தவறாமல் கட்டினேன். அப்புறம் கேரட் விலை விழுந்தது, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு குறைந்தது, மூன்று ட்யூ நின்றுபோனது. கட்டாதது என் தப்புதான். வண்டியை எடுத்தார்கள் என்று நான் குறை சொல்லவில்லை. எடுத்த வண்டியை என்ன பாடு படுத்தினார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

காலை ஆறரை மணிக்கு, கேரட் கழுவும் இடத்துக்கே சீசிங் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். "சாவியக் குடுத்துருங்கண்ணா, பெருசு பண்ண வேண்டாம்" என்றார்கள். சரி, இத்தனை பேர் முன்னால் எதற்குத் தகராறு என்று கொடுத்துவிட்டேன். ஆனால் கொடுப்பதற்கு முன் மைல் மீட்டரைப் படம் எடுத்தேன்: 84,216. வண்டியின் நாலு பக்கம், ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு எல்லாவற்றையும் எடுத்தேன். தங்கச்சி மகன் எப்போதோ சொல்லிவைத்தது, அன்றைக்கு உதவியது. வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று எழுத அவர்கள் நீட்டிய இன்வென்டரி தாளில் எல்லாக் கட்டமும் காலி, கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. நிரப்பிக் கொடுங்கள், போடுகிறேன் என்றேன். கையெழுத்து வாங்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஓட்டிய பையனுக்கு மலை ரோடு பழக்கமில்லை. குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் கியரிலேயே இறங்கு, பிரேக்கை நம்பி இறங்காதே என்பது எங்கள் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு முதல் பாடம். பர்லியாரில் என் வண்டியின் பின்வீல் புகைந்துகொண்டிருக்க, அந்தப் பையன் தண்ணீரை எடுத்து ஊற்றியதை எங்கள் ஊர் டிரைவர் ஒருவர் பார்த்திருக்கிறார். கொதிக்கிற பிரேக் டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

நகையை வைத்து, நின்ற ட்யூவோடு சீசிங் சார்ஜ் 8,000 ரூபாயும் கட்டி, ரிலீஸ் லெட்டர் வாங்கி, கோவைக்கு வெளியே, தூக்கிய வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்குப் போனது 19-ஆம் நாள். யார்டில் வண்டி உள்ளே வந்தபோது எழுதிய சீட்டைக் காட்டச் சொன்னேன். கிலோமீட்டர் 84,298, ஸ்டெப்னி உண்டு என்று எழுதியிருந்தது. அதுவரை சரிதான், எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் வரும். வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினால் மீட்டரில் 84,431. யார்டில் சும்மா நிற்க வேண்டிய வண்டி 133 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின்னால் போய்ப் பார்த்தேன். கேரட் தவிர வேறெதுவும் ஏற்றாத என் வண்டியில், மூலை இடுக்கெல்லாம் வெங்காயச் சருகு. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஸ்டெப்னி இல்லை, தார்ப்பாய் இல்லை, கயிறு இல்லை. குன்னூர் மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். க்ளட்ச் பிளேட் கருகியிருந்தது. அவரே இரண்டு மாதம் முன்பு மாற்றிய பிளேட் அது, பில் என்னிடம் இருந்தது. பின் டிரம் நீலம் பாரித்து விரிசல் விட்டிருந்தது. க்ளட்ச் 9,200, பிரேக் 4,600, ஸ்டெப்னி 5,800, தார்ப்பாய் கயிறு 3,400. மொத்தம் 23,000 ரூபாய்.

கிளையில் கேட்டால், "அது சீசிங் ஏஜென்சி செஞ்சது சார், அவங்களைக் கேளுங்க" என்றார்கள். ஏஜென்சியில், "வண்டியே அப்படித்தான் இருந்துச்சு" என்றார்கள். லோன் பத்திரத்தில், வண்டியை எடுத்த பிறகு வரும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று ஒரு வரி இருக்கிறதாம். ஊட்டியில் ஒரு வக்கீலிடம் காட்டினேன். இந்த வரியை வைத்து அலட்சியத்தையும் வண்டியை எடுத்து ஓட்டியதையும் மூடிமறைக்க முடியாது என்றார். வேலையை வெளியாளிடம் கொடுத்தாலும், வசூல் ஏஜென்ட் செய்வதற்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வண்டியை எடுப்பதற்கு முன் தர வேண்டிய நோட்டீஸ், எடுக்கும் முறை, விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு, திருப்பித் தரும் முறை எல்லாம் பத்திரத்திலேயே இருக்க வேண்டும், நமக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும். எனக்கு வந்த ஒரே நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. அடியாள் வைத்து, பலவந்தமாக வண்டியை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2007-லும் 2011-லும் சொல்லியிருக்கிறது.

இவர்களிடமே கடன் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த ஒன்று உபயோகப்படும்: வாயால் சொன்ன புகாரை யாரும் மதிக்கவில்லை. படங்கள், யார்டு சீட்டு, மெக்கானிக் எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் வைத்து, அவர்களுடைய குறைதீர்க்கும் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் போவேன், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் இருக்கிறது என்றும் எழுதினேன். 28-ஆம் நாள் 19,600 ரூபாய் என் கணக்கில் ஏறியது. அதுவரை "ஏஜென்சியைக் கேளுங்க" என்றவர்கள், பதில் கடிதத்தில் ஏஜென்சி என்ற வார்த்தையையே எழுதவில்லை.

தார்ப்பாயும் கயிறும் வண்டியோடு சேர்ந்த சாமான் இல்லையாம், அதற்குத் தர மாட்டார்களாம். நான் எடுத்த படத்தில் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. அந்த 3,400 ரூபாய்க்கு ஓம்புட்ஸ்மனிடம் ஆன்லைனில் மனு போட்டிருக்கிறேன். இன்னும் 11 ட்யூ பாக்கி இருக்கிறது, அதையும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.