ப்ளூடூத் கரகரப்புக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள்

டவுன்ஹால் ரோட்டுல வாங்குன ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் பத்தி எழுதியே ஆகணும். வீட்டு மினி பிசில யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும், ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்புற ப்ளூடூத் டாங்கிளும் (போர்ட்டுல சொருகுற குட்டி சாதனம்) பக்கத்து பக்கத்து போர்ட்டு, ஃபைல் காப்பி ஓடுச்சுன்னா ராஜா பாட்டுல வயலினெல்லாம் பிஞ்சு பிஞ்சு கரகரன்னு வரும். விஷயம் என்னன்னா யூஎஸ்பி 3.0 ஓடுறப்ப கேபிள், கனெக்டர்லருந்து கிளம்புற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் பரவும், ப்ளூடூத் ஓடுறதும் அங்கதான், வைஃபையும் அதே பேண்டுன்னா சொல்லவே வேணாம். ஸ்பீக்கரை மாத்தணும்னு நெனைக்கிறவங்க மொதல்ல இதப் பண்ணுங்க. டாங்கிளை இந்தக் கேபிள்ல மாட்டி டேபிள் முன்னாடி கொண்டாந்துட்டேன், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திட்டேன், இப்ப சவுண்டு கணீர்னு இருக்கு! கேபிள் நல்ல தடிமன், டாங்கிள் ஆடாம நிக்குது. கடைக்கார அண்ணே டாங்கிளுக்கு 2.0 கேபிளே போதும்ணேன்னு விலை கம்மியானதத்தான் எடுத்துக் குடுத்தாரு, அதுக்காகவே இன்னொரு தடவ போகலாம்.