ராத்திரி வெளிச்சம் போதவில்லை: எதை மாட்டலாம், எதை மாட்டினால் கேஸ்

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து ஊருக்குக் கிளம்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன். மர்ஃபி டவுனில் வீடு, செங்கம் பக்கம் ஊர். கிருஷ்ணகிரி வரைக்கும் பிரச்சினையே இல்லை, நடுவில் மீடியன் இருக்கிறது, அரளிச் செடி எதிர் வண்டி வெளிச்சத்தைப் பாதி மறைத்துவிடும். அங்கிருந்து திண்டிவனம் ரோட்டுக்குத் திரும்பிய பிறகுதான் சோதனை. போன டிசம்பரில் ஊத்தங்கரை தாண்டி எதிரே ஒரு வண்டி, கூரை மேல் வரிசையாக எல்இடி, டிம் பண்ணவே இல்லை. அது கடந்து போன இரண்டு மூன்று நொடி எனக்கு முன்னால் ரோடே இல்லை, பச்சைப் புள்ளி மட்டும்தான். கண் தெளிந்தபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர், இடது பக்க மிரருக்கு ஒரு முழம் தள்ளி. நான் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன், அந்த வேகத்தில் மூன்று நொடி என்றால் 50 மீட்டர். 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ஜே.சி. ரோட்டுக்குப் போய் நின்றேன், நம் வண்டிக்கும் வெளிச்சம் ஏற்ற வேண்டும் என்று. 100 வாட் பல்ப், எல்இடி பல்ப், ஃபாக் லேம்ப், பம்பரில் மாட்டுகிற எக்ஸ்ட்ரா லைட், கூரைக்கு லைட் பார் என்று கடைக்காரர் எடுத்து வைத்தார். "இதெல்லாம் லீகலா?" என்றேன். "எல்லாரும் போடுறாங்க சார்" என்றார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை என்பதால் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்து சட்டத்தைப் படித்தேன். படித்ததையும், பிறகு என் வண்டியிலும் மச்சினன் வண்டியிலும் சோதித்துப் பார்த்ததையும் வைத்து இந்த ஒப்பீடு.

முதலில் சட்டம், ஏனென்றால் அது தெரியாமல் ஒப்பிட்டால் வாட் கணக்கோடு நின்றுவிடுவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் இரண்டு விதிகள் நமக்கு முக்கியம். 106-ஆவது விதி கண் கூச்சம் பற்றியது. முன்பக்க விளக்கின் ஒளி, வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால் அதைக் கூச வைக்காதபடி கீழே சாய்ந்திருக்க வேண்டும், அல்லது டிரைவர் அப்படிச் சாய்க்கிற வசதி இருக்க வேண்டும். 111-ஆவது விதி இன்னும் நேரடியானது: ஸ்பாட் லைட், சர்ச் லைட் எதுவும் வண்டியின் முன்பக்கம் பொருத்தக் கூடாது, அசாதாரணமான சூழ்நிலையில் பதிவு அதிகாரியின் அனுமதியோடு மட்டுமே பொருத்தலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்கிற மாற்றங்களைப் பற்றியது. பதிவுச் சான்றில் (ஆர்.சி.) இருக்கிற விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பிரிவை வைத்துத்தான். "ஆர்.சி.யில் விளக்கு பற்றி ஒரு வரிகூட இல்லையே, அப்புறம் எப்படி மாற்றம் ஆகும்?" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் அதே 2019-இல் வந்த திருத்தம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதி இல்லாத விதத்தில் பாகங்களை மாட்டி வண்டியை மாற்றினால், உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்.சி. வாதம் இதற்கு முன்னால் நிற்காது என்பது என் எண்ணம். ரோட்டில் சாதாரணமாக எழுதுவது 177-ஆவது பிரிவு, முதல் தடவை 500, அடுத்த தடவையிலிருந்து 1,500. 2024 ஜூலையில் கர்நாடகா முழுக்க கண் கூச வைக்கிற எல்இடிகளுக்கு எதிராகப் போலீஸ் இறங்கியபோதும் இந்த 177-ஐத்தான் கையில் எடுத்தார்கள். இவை எல்லாம் மத்தியச் சட்டம், அத்திப்பள்ளி தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தாலும் மாறாது.

சரி, இப்போது பொருளுக்கு வருகிறேன்.

100/90 வாட் பல்ப் பழைய கதை, சுருக்கமாக முடித்துவிடலாம். எச்4 ஹாலஜன் பல்புக்கு அங்கீகரித்த அளவு 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. அதை மீறினால் சட்டமும் இல்லை, பல்ப் சாக்கெட்டும் தாங்காது, பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் சூட்டில் மங்கிப்போகும். எச்ஐடி (செனான் வாயு விளக்கு) கிட்டும் இதே வகைதான், கண் கூச்சம் மட்டும் இன்னும் பல மடங்கு. இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

எல்இடி பல்ப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று அதிகம் விற்பது அதுதான், வாங்குகிறவர்களும் தப்பு செய்கிறோம் என்று நினைத்து வாங்குவதில்லை. எச்4 பல்புக்குள் இரண்டு மெல்லிய இழைகள் இருக்கும், லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம். அந்த இழை எங்கே இருக்கிறது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவையே வடிவமைத்திருப்பார்கள். எல்இடி பல்பில் இழை கிடையாது, ஒரு தட்டையான தண்டின் இரண்டு பக்கமும் சில்லு ஒட்டியிருக்கும். ஒளி கிளம்புகிற இடமும் வடிவமும் மாறிவிட்டதால் ரிஃப்ளெக்டர் அதைத் தப்பான இடத்துக்கு அனுப்புகிறது. மேலே தெளிவாக வெட்டி நிற்க வேண்டிய கோடு கலைந்து, எதிரே வருகிறவர் முகத்துக்கு ஏறுகிறது. ஓட்டுகிறவருக்கோ பம்பருக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று தெரிவதால் திருப்தி, ஆனால் பக்கத்தில் வெள்ளை அடித்த மாதிரி இருந்தால் கண் பாப்பா சுருங்கி தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிவிடும்.

இதை நான் படித்ததோடு விடவில்லை. எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் டேப் பிடித்து 8 மீட்டர் அளந்து சாக்பீஸில் கோடு போட்டேன், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி. என் மனைவி நின்றால் கண் மட்டம் ஏறத்தாழ 1.5 மீட்டர், விதியில் சொன்ன அதே உயரம். முதலில் என் ஹாலஜன் லோ பீம். "பரவாயில்ல, பாக்க முடியுது, பின்னாடி தூண்ல இருக்கிற நம்பர்கூடத் தெரியுது" என்றாள். அடுத்து மச்சினனின் எஸ்யூவி, எல்இடி பல்ப், அதுவும் லோ பீம்தான். கையை முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, "அணைங்க, அணைங்க, கண்ணு எரியுது" என்றாள். தூண் எங்கே என்றே தெரியவில்லையாம். மச்சினன் தானே போய் அந்தக் கோட்டில் நின்று பார்த்தான். "மாமா, இது லோ பீம்தானே?" என்று இரண்டு தடவை கேட்டான். இது ஆய்வகச் சோதனை இல்லை, ஆனால் 106-ஆவது விதி என்ன கேட்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

"வெளிநாட்டில் அனுமதி இருக்கிறதே" என்பார்கள். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி பல்புகளுக்கு அனுமதி உண்டு, உண்மை. ஆனால் அங்கே குறிப்பிட்ட பல்ப் குறிப்பிட்ட மாடலின் ஹெட்லைட்டில் சோதிக்கப்பட்டு, அந்தப் பட்டியலில் இருக்கிற வண்டிக்கு மட்டும்தான். கம்பெனியே எல்இடி ஹெட்லைட்டோடு விற்கிற வண்டி வேறு விஷயம், அது முழு யூனிட்டாக அங்கீகாரம் வாங்கி வருவது.

அப்புறம் ஃபாக் லேம்ப். வெளியிலிருந்து மாட்டக்கூடியவற்றில் சட்டப்படி ஓரளவு தைரியமாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான், அதுவும் ஒழுங்காகச் செய்தால். விளக்குகளைப் பொருத்துவதற்கான ஏஐஎஸ்-008 தரத்தில் முன்பக்க ஃபாக் லேம்புக்கு இடம் இருக்கிறது: ஒரு ஜோடி, வெள்ளை அல்லது மஞ்சள், தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் கீழே போகாமல், லோ பீமை விட உயராமல். உங்கள் மாடலின் டாப் வேரியன்ட்டில் ஃபாக் லேம்ப் வந்தால், கீழ் வேரியன்ட் பம்பரிலும் பெரும்பாலும் அதற்கான குழி மூடி போட்டுத்தான் இருக்கும். கம்பெனி அக்சஸரியாக ஷோரூமிலேயே பில் போட்டு மாட்டிக்கொள்வது நல்லது, வாரண்டிக்கும் வம்பு வராது. இன்ஷூரன்ஸ் விஷயத்திலும் இதே கதைதான், வெளியே வயரை வெட்டி ஒட்டி மாட்டி நாளைக்குத் தீப்பிடித்தால் அந்த ஒட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஆனால் ஃபாக் லேம்ப் தூரத்தைக் காட்டாது. அகலமாக, தாழ்வாக, பக்கத்து ரோட்டோரத்தைக் காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. மஞ்சள்தான் பனியைத் துளைக்கும் என்று சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம், பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஓசூர் பக்கம் விடியற்காலைப் பனியில் உதவுவது அதன் நிறத்தைவிட அது உட்கார்ந்திருக்கிற உயரமும் மேலே ஏறாத ஒளியும்தான்.

பம்பரில் மாட்டுகிற எக்ஸ்ட்ரா டிரைவிங் லைட்டைத்தான் பலரும் ஃபாக் லேம்போடு போட்டுக் குழப்புகிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். டிரைவிங் லைட்டின் ஒளி குறுகலாக நேரே நீளமாகப் போகும், மேலே வெட்டுக் கோடு கிடையாது, அதாவது இன்னொரு ஹை பீம். நல்ல தயாரிப்பில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும், ஈ1 என்றால் ஜெர்மனி, ஈ4 என்றால் நெதர்லாந்து. பக்கத்தில் எச்ஆர் என்று இருந்தால் ஹை பீம் விளக்கு, பி என்று இருந்தால் ஃபாக் லேம்ப். அந்த முத்திரை விளக்கின் தரத்துக்குச் சாட்சி, உங்கள் வண்டியில் அதை மாட்டலாம் என்பதற்கு அனுமதி இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஹை பீமோடு மட்டும் எரிந்து, டிம் செய்ததும் தானாக அணைகிற மாதிரி ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சுவிட்ச்) போட்டு மாட்டினால் 106-ஐப் பொறுத்தவரை நியாயம் பேசலாம். 111 அப்படி விடாது. ஸ்பாட் லைட் என்றால் இத்தனை வாட், இத்தனை அகலம் என்று அந்த விதியில் இல்லை, ஆகவே உங்கள் எக்ஸ்ட்ரா லைட் ஸ்பாட் லைட்டா இல்லையா என்பதை ரோட்டில் நிற்கிற அதிகாரிதான் முடிவு செய்வார், உங்களிடம் காட்டக் காகிதம் ஒன்றும் இருக்காது. காட்டுப் பாதை, ராலி என்று மூடிய இடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இது அருமையான விளக்கு. பொது ரோட்டில் ஓட்டுகிற குடும்ப வண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தனித்தனி சுவிட்ச் வைத்து, லோ பீமோடும் எரிகிற மாதிரி மாட்டிக்கொள்கிறவர்கள் செய்வது எதிரே வருகிறவருக்குச் செய்கிற கொடுமை. கூரை லைட் பாருக்கு இந்த அளவு வாதம்கூடக் கிடையாது.

கடைசியாக, கடைக்காரர் எடுத்தே வைக்காத ஒன்று: இருக்கிற ஹெட்லைட்டைச் சரி செய்வது. என் வண்டிக்குப் பத்து வயது. கண்ணாடி மஞ்சளாகி இருந்தது, பாலிஷ் போட்டேன். பேட்டரியில் 12.6 வோல்ட், பல்ப் முனையில் 11.4-தான் வந்து சேர்ந்தது, கிட்டத்தட்ட 10% குறைவு. ஹாலஜனில் மின்னழுத்தம் 10% குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30% போய்விடும். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே போய் வருவதால் வருகிற நஷ்டம் இது. ரிலேயும் தடித்த வயரும் உள்ள, சாக்கெட்டில் சொருகுகிற ரெடிமேட் கிட் போட்டேன், எந்த வயரையும் வெட்டவில்லை. அதே 60/55 வாட்டில் புது பல்ப் ஒரு ஜோடி. எல்லாம் சேர்த்தும் கடையில் பார்த்த நல்ல எக்ஸ்ட்ரா லைட் விலையில் பாதி ஆகவில்லை.

அதைவிட முக்கியம் ஃபோகஸ். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினால், லோ பீமின் வெட்டுக் கோடு விளக்கின் மையத்தைவிடச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். எனக்கு இடது பக்கம் 15 சென்டிமீட்டர் கீழே இருந்தது, இத்தனை நாள் ஒற்றை விளக்கில் ஓட்டின மாதிரிதான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்ன சக்கரம் இருக்கிறதே, அதைத் தொட்டவர்கள் எத்தனை பேர்? ஊரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும், லோ பீமே எதிர் வண்டிக்காரர் கண்ணுக்குப் போகும். அப்போது அந்தச் சக்கரத்தை 2-க்கோ 3-க்கோ திருப்பி ஒளியைக் கீழே இறக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் லோ பீம் 50 மீட்டர் சுமாருக்குத்தான் தெளிவாகக் காட்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்க, யோசிக்கிற நேரத்தையும் சேர்த்து 65, 70 மீட்டர் ஆகும். கிருஷ்ணகிரி தாண்டினால் நான் இப்போது 60-க்கு மேல் போவதில்லை, வீடு சேர கூடுதலாக அரை மணி ஆகிறது.

மச்சினன் லைட் பாரைக் கழற்றிவிட்டான், எல்இடியை எடுத்து ஹாலஜன் போட்டுவிட்டான். பம்பரில் இருக்கிற இரண்டு எக்ஸ்ட்ரா லைட்டை மட்டும் விட மனசில்லை. "கவர் போட்டு வச்சுக்கிறேன் மாமா, எரிய விட்டாத்தானே தப்பு?" என்றான். 106 'பயன்படுத்தக் கூடாது' என்கிறது, கவர் அங்கே உதவும். 111-இல் இருக்கிற வார்த்தை 'பொருத்தக் கூடாது'. அதை அவனுக்கே படித்துக் காட்டினேன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு வருகிறேன் என்றிருக்கிறான்.